வளைவு தைக்கும் தாட்சாயிணி

கட்டைவிரல் வளைவு வரும்போது தாட்சாயிணியின் இடுப்பு ஸ்டூலின் வலப்பக்கத்துக்கு நழுவுகிறது. வலது முழங்கால் வெளியே விரிகிறது. முகவாய் வலது தோளுக்கு மேலே போய் நிற்க, கண் ஊசியை விட்டுவிட்டு நான்கு விரற்கடை தள்ளி, தையல் போய்ச் சேரவேண்டிய இடத்தைப் பார்க்கிறது. மோட்டார் மிஷின் உறுமிக்கொண்டே கையுறையின் கட்டைவிரலைச் சுற்றி வருகிறது. நேர்த்தையல் வந்ததும் இடுப்பு ஸ்டூலின் நடுவுக்கு ஏறிவிடுகிறது. ஒரு நாளைக்கு இருநூற்று நாற்பது கட்டைவிரல்கள். இருநூற்று நாற்பது தடவை அவர் ஸ்டூலிலிருந்து பாதி இறங்கி ஏறுகிறார். பக்கத்து மிஷின் புஷ்பா முழங்கால் இடி வாங்கி அலுத்துப்போய், தன் மிஷினையே ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

"இன்னா சார் பண்றது, வளைவ பாத்தா ஒடம்பு தானா போவுது," என்கிறார். குரலில் வருத்தம் எதுவும் இல்லை.

திருமழிசை தொழிற்பேட்டையில் வெல்டர்கள் போட்டுக்கொள்ளும் தோல் கையுறைகளைத் தைக்கிறது எங்கள் கம்பெனி. நான் சரக்கு கட்டி அனுப்பும் பிரிவில் மூன்று வருடமாக இருக்கிறேன். தாட்சாயிணி தையலில் பதினாறு வருடமாக. வயது நாற்பத்தொன்று, உயரம் ஐந்தடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. நூலின் முனையை உதட்டோரம் வைத்துக்கொண்டே பேசுவார். புதிதாக ஒருவரைப் பார்த்தால் முகத்துக்கு முன்னால் கையைத்தான் பார்ப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என்னிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை, "ஒம்போதரை." அது என் உள்ளங்கையின் அளவு என்று பிற்பாடு தெரிந்தது. எங்கள் முதலாளி எட்டு. "ஆளுதான் பெர்சு, கை கொயந்த கை," என்று அவரைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டார்.

தாட்சாயிணியின் வீடு திருநின்றவூரில். அங்கிருந்து வெள்ளவேடு வழியாக ஒரு பழைய மொபெட்டில் வருவார். நான் பஸ்ஸில். நான் சேர்ந்த புதிதில் தினமும் ஜன்னல் வழியாக ஒரு வேடிக்கை பார்ப்பேன். நேர்ச்சாலையில் ஜம்மென்று வருகிற அந்த அம்மாள் வளைவுக்கு இருபதடி முன்னால் வண்டியை நிறுத்துவார். இறங்குவார். கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு வளைவு முழுவதும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பார். சாலை நேரானதும் மறுபடி ஏறி, பெடலை மிதித்துக் கிளப்புவார். அடுத்த வளைவில் மறுபடியும் இறங்குவார். எங்கள் பஸ் கண்டக்டர் ஒருநாள் படியில் நின்றுகொண்டு, "யம்மா, அதுக்கு நடந்தே போயிடலாமே," என்று கத்தினார். தாட்சாயிணி கையை ஆட்டி பஸ்ஸைப் போகச் சொன்னார், ஏதோ அவர்தான் வழி விட்டதுபோல.

வழியில் மொத்தம் பதினோரு வளைவு என்பது அவர் கணக்கு. எனக்கு ஏழுதான் தெரிந்தது.

"அம்மன் கோயிலாண்ட லேசா ஒடியுது பாரு, அதுவும் வளைவுதான். புளிய மரத்தாண்ட ஒண்ணு. நீ பஸ்ஸுல குந்திகினு வர, உனுக்கு எங்க தெரியும்."

மொபெட் ஓட்டக் கற்ற முதல் வாரத்தில் ஒரு வளைவில் மணல் சறுக்கியது. எதிரே ஒற்றைப் பனைமரம். "அத்த இடிச்சிடக் கூடாது, அத்த இடிச்சிடக் கூடாதுன்னு அத்தையே பாத்துகினு போனேன் சார். நேரா போயி அத்தையே இடிச்சேன்." இடது கணுக்காலில் ஒன்றரை மாதம் கட்டு. அதற்குப் பிறகு ஆறு வருடமாக அவர் எந்த வளைவையும் வண்டிமேல் உட்கார்ந்து கடந்ததில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் தொண்ணூற்று நாலாம் வருடம் ஆடி மாதத்தில் உலகநாதன் ஒரு தோல் பேண்ட்டோடு வந்து நின்றான்.

உலகநாதனுக்கு அப்போது இருபத்தாறு வயது. ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டர். அப்பாவும் அங்கேதான், நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸிலேயே பிள்ளைகளை வளர்த்தவர். பையன் ஒரு பழைய யமஹா நூறு சிசி வாங்கி, கைப்பிடியைத் தாழ்த்தி, கால்மிதியைப் பின்னுக்குத் தள்ளிப் பொருத்தி, பந்தய வண்டியாக மாற்றி வைத்திருந்தான். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடலில் புதியவர்களுக்கான போட்டியில் ஓடப் பெயர் கொடுத்திருந்தான். பேண்ட் செகண்ட்ஹேண்ட். முழங்கால் இரண்டும் நார்நாராகக் கிழிந்திருந்தன. தோல் தைக்கத் தெரிந்த ஆள் உண்டா என்று கேட் வாட்ச்மேனிடம் கேட்க, அவர் நேராகத் தாட்சாயிணியிடம் கொண்டுவந்து விட்டார்.

"இன்னாபா, மலைக்கோயிலுக்கு முட்டி போட்டுகினு ஏறினியா?" என்றார் தாட்சாயிணி.

"இல்லக்கா. வளைவுல வண்டி சாயுறப்ப முட்டி தரையில உரசும்."

தாட்சாயிணி உதட்டிலிருந்த நூலை எடுத்துவிட்டார். "வளைவுல ஒர்த்தன் உசுரோட போயி சேர்றதே பெர்சு. நீ முட்டிய வேற கீய வெக்கிறியா?"

ஆனாலும் பேண்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். வீட்டில் பழைய ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தை முழங்கால் அளவுக்கு அறுத்து, இரண்டடுக்கு வைத்து, மேலே கையுறைத் தோல் மூடி இரட்டைத் தையல் போட்டார். யானை மிதித்தாலும் பிரியாது என்று புஷ்பாவிடம் பீற்றிக்கொண்டார். அது உண்மைதான். அந்த ஞாயிற்றுக்கிழமை உலகநாதன் வண்டியைச் சாய்த்தபோது மேல்தோல் தேய்ந்து, ரப்பர் தார்ச்சாலையைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. வண்டி போய்க்கொண்டிருந்தது, முழங்கால் நின்றுவிட்டது. அவன் உருண்டு ஒரு கத்தரித் தோட்டத்துக்குள் போய் விழுந்தான்.

திங்கட்கிழமை சாயங்காலம் கம்பெனி வாசலில் வந்து நின்றான். மணிக்கட்டில் மஞ்சள் பற்று, கன்னத்தில் சிராய்ப்பு. குறை சொல்ல வரவில்லை. "தையல் ஒண்ணும் ஆவலக்கா, அருமையா நிக்கி," என்று சமாதானம் வேறு சொன்னான். அதைக் கேட்டுத்தான் தாட்சாயிணிக்குத் தாங்கவில்லை. மறுநாள் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை என்று புஷ்பா என்னிடம் சொன்னாள்.

"என் தையல்ல ஒரு புள்ள வுயுந்துகீறான் சார். பதினாலு வருசத்துல ஒரு வெல்டருக்கு வெரல் சுட்டதில்ல."

பந்தயத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அவனை மறுபடி வரச் சொன்னார். "கைக்குத் தெக்கணும்னா கைய பாக்கணும். முட்டிக்குத் தெக்கணும்னா அந்த முட்டி வளைவுல இன்னா பண்ணுதுன்னு நான் பாக்கணும். காட்டு."

திருநின்றவூர் ஏரிக்கு அந்தப்புறம் ஒரு மனைப்பிரிவு இருக்கிறது. பெரிய வளைவுக் கதவு, அதன்மேல் ஏதோ நகர் என்று பெயர், உள்ளே நாற்பதடித் தார்ச்சாலைகள், எல்லைக்கல் நட்ட இருநூறு மனைகள். அன்றைக்கு ஒரு வீடு கிடையாது. பூங்காவுக்கென்று விட்ட நீள்வட்ட இடத்தைச் சுற்றிச் சாலை அழகாக வளைந்து போகும். உலகநாதன் பழகுவது அங்கேதான். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் அந்த வளைவு முழுவதும் தெரியும். அதனால் அங்கே நடந்ததாக இனி நான் எழுதுவது கேள்விப்பட்டதல்ல.

தாட்சாயிணி கணவரோடு வந்திருந்தார். கணவர் ஜம்புலிங்கம் அரிசி மில்லில் வேலை செய்கிறவர். முக்கால் ஏக்கர் பூர்வீக நிலத்தில் நெல்லும் போடுகிறார். தலையில் எப்போதும் துண்டு. பத்து வார்த்தை பேசுகிற இடத்தில் ஒரு வார்த்தை பேசுவார், அதுவும் பெரும்பாலும் "சர்தான்" என்பதாக இருக்கும். உலகநாதன் நான்கு சுற்று ஓட்டிக் காட்டினான். ஐந்தாவது சுற்றுக்குத் தாட்சாயிணி வழியில் குறுக்கே போய் நின்றுவிட்டார்.

"எறங்கு. ஸ்டாண்டு போடு. நான் குந்தணும்."

நின்ற வண்டிமேல் புடவையோடு ஏறி உட்கார்ந்தார். கால் தரைக்கு எட்டவில்லை. உலகநாதன் சொன்னபடி இடுப்பை ஒரு பக்கம் இறக்கினார். வண்டி ஸ்டாண்டோடு சாய்ந்தது. ஜம்புலிங்கம் மறுபக்கம் ஓடிப்போய்ப் பிடித்துத் தொங்கினார். அரைமணி நேரம் இதே வேலை. இடப்பக்கம் இறங்குவார், ஜம்புலிங்கம் வலப்பக்கம் தொங்குவார். வலப்பக்கம் இறங்குவார், ஜம்புலிங்கம் இடப்பக்கம் ஓடுவார். கடைசியில் தாட்சாயிணி அப்படியே தொங்கியபடி அசையாமல் இருந்து யோசித்தார்.

"கீய போற முட்டி ஆள தாங்கல நைனா. ஆள தாங்கறது அந்தாண்ட தொட. அது டாங்கிய கவ்விகினு கீது. இந்த முட்டி சொம்மா எவ்ளோ சாஞ்சிகீறோம்னு தொட்டுப் பாக்குது. டேப்பு மாரி."

இரண்டு வருடமாக ஓட்டுகிற உலகநாதனுக்கு அது வார்த்தையில் இதுவரை வந்ததில்லை.

அளவு நாடா வழுக்க வேண்டும், கவ்வக் கூடாது. அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் நைலான் கட்டை வாங்கிவந்து, அரத்தால் ராவி ஆமை ஓடு மாதிரி ஆக்கி, தேய்ந்தால் கழற்றி மாற்றும்படி வார் வைத்துத் தைத்துக் கொடுத்தார். பந்தயத்தில் உலகநாதன் ஏழாவதாக வந்தான். திங்கட்கிழமை அந்தக் கட்டையைக் கொண்டுவந்து காட்டினான். ஒரு ஓரம் சாய்வாகச் சீவினதுபோலத் தேய்ந்திருந்தது. தாட்சாயிணி அதை வாங்கி, கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"இவ்ளோ சாஞ்சும் வுயல."

"விழலக்கா."

"பயமா இல்ல?"

"வளைவுக்குள்ள போறவரைக்கும் பயம்தான். உள்ள போயிட்டா..." அவன் சிரித்தான்.

தாட்சாயிணி கட்டையைத் திருப்பிக் கொடுக்காமல் கேட்டார்: "எனுக்கு ஒரு ஜோடி தெச்சிகினா, நீ கத்துக் குடுப்பியா?"

உலகநாதன் நல்ல ஓட்டி. ஆனால் அவன் கற்றுக்கொடுத்த லட்சணத்தைச் சொல்லியாக வேண்டும். அவனுக்குத் தெரிந்த ஒரே பாடம், "அப்படியே படுத்துரணும்க்கா." எப்போது படுக்க வேண்டும், எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்று இவர் கேட்டால், "தானா வரும்க்கா" என்பான்.

"தானா வர்றது ஜலதோசம்," என்றார் தாட்சாயிணி. "நீ ஓட்டு. நான் பாத்துகினு சொல்றேன், சரியான்னு மட்டும் சொல்லு."

அதன்பிறகு பாடம் தலைகீழாக நடந்தது. அவர் வளைவோரம் குந்தி உட்கார்ந்து பார்த்தார். தனக்குத் தெரிந்த மிஷினை வைத்து அதைப் புரிந்துகொண்டார். வளைவு வருமுன்பே பெடலிலிருந்து காலைத் தளர்த்த வேண்டும். வளைவுக்குள் போனபிறகு திடீரென்று நிறுத்தினால் நூல் அறும். ஆகவே பிரேக் நேர்ச்சாலையிலேயே முடிந்துவிட வேண்டும். தோலை இழுத்துப் பிடித்தால் தையல் கோணும். ஆகவே கைப்பிடியைப் பூனைக்குட்டியைப் பிடிப்பதுபோலப் பிடிக்க வேண்டும், முழங்கை மடங்கியிருக்க வேண்டும். ஊசியைப் பார்க்கக் கூடாது, ஊசி போகப்போகிற இடத்தைப் பார்க்க வேண்டும். இதைச் சொன்னதும் தாட்சாயிணி சட்டென்று நிறுத்தினார்.

"பனமரம்," என்றார்.

ஜம்புலிங்கமும் தலையாட்டினார். "சர்தான்."

ஒன்று மட்டும் மிஷினில் இல்லை. ஓடுகிற வண்டி வலப்பக்கம் சாய வேண்டுமானால் வலது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும் என்றான் உலகநாதன். தாட்சாயிணி நம்பவில்லை. நானும்தான். மாடியிலிருந்து இறங்கிப் போய் என் சைக்கிளில் கொஞ்சம் வேகமாகப் போய்த் தள்ளிப் பார்த்தேன். சைக்கிள் வலப்பக்கம் அழகாகச் சாய்ந்தது. இருபத்தைந்து வருடம் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். என்ன செய்து திருப்பிக்கொண்டிருந்தேன் என்று அன்றுவரை எனக்கே தெரியாது.

கம்பெனியில் தள்ளுபடியான கையுறைகளைக் கிலோக் கணக்கில் விற்பார்கள். அதில் ஆறு கிலோ வாங்கித் தனக்கொரு உடை தைத்துக்கொண்டார் தாட்சாயிணி. மஞ்சளும் சாம்பலுமாக நூற்றுச்சில்லறைத் துண்டுகள். முதுகில் உள்ளங்கைகள், தொடையில் புறங்கைகள். முழங்கை வளைவுக்கு ஏற்ற வடிவம் வேறு கிடைக்காததால் இரண்டு பக்கமும் கட்டைவிரல் தோலை அப்படியே வைத்துவிட்டார். உலகநாதனின் பழைய ஹெல்மெட்டுக்குள் துண்டை மடித்துத் திணித்துக்கொண்டு அவர் முதன்முதலாக அந்த யமஹாவில் உட்கார்ந்தபோது மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் தலைதூக்கிப் பார்த்தன.

கால் எட்டாதது பெரிய சங்கடம். கிளப்பும்போது ஜம்புலிங்கம் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். நிறுத்தும்போது எதிரே ஓடிவந்து பிடிக்க வேண்டும். அவர் மூச்சு வாங்க எங்காவது உட்கார்ந்துவிட்டால் தாட்சாயிணி நிற்க முடியாமல் சுற்றிக்கொண்டே இருப்பார். "யோவ், எந்திரிய்யா, எறங்கணும்," என்ற குரல் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை என் மாடியைத் தாண்டிப் போகும்.

ஞாயிறு காலை ஆறரைக்கு வந்ததும் முதல் வேலை, துடைப்பத்தால் அந்த வளைவு முழுவதும் மணலைப் பெருக்குவது. பிறகு சுண்ணாம்புத் தூளில் மூன்று பொட்டு: பிரேக் முடியும் இடம், உள்ளோரம் தொடும் இடம், வெளியே வந்து சேரும் இடம். ஜம்புலிங்கம் யாரும் சொல்லாமலே மாட்டுவண்டியில் வைக்கோல் கொண்டுவந்து வளைவின் வெளியோரம் நெடுகக் கொட்டி வைத்தார். மனைவியிடம் ஒரு தடவைகூட வேண்டாம் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. வைக்கோல் மட்டும் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கூடிக்கொண்டே போனது.

ஐப்பசி மழையில் மனைப்பிரிவு குளமாகிவிட்டது. மார்கழி முடியும்வரை வீட்டில் பெஞ்சுமேல் நெல் மூட்டையைப் படுக்கப்போட்டு, அதன்மேல் ஏறிப் பழகினார். ஜம்புலிங்கம் சாப்பிட்டபடியே "வல்து", "எட்து" என்று சொல்ல வேண்டும். இவர் இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் இறங்கி ஏறுவார். அந்த மூட்டை அரிசியைச் சமைத்தபோது பாதிக்குமேல் நொய்யாக இருந்தது என்று புஷ்பா சொல்லிச் சிரித்தாள். கம்பெனி ஸ்டூலில் இந்தப் பழக்கம் தொற்றியதும் அப்போதுதான்.

தை பிறந்து சாலை காய்ந்தது. வண்டி சாயத் தொடங்கியது. ஆனால் முழங்காலுக்கும் தரைக்கும் நடுவே எப்போதும் ஒரு சாண் மிச்சம் இருந்தது. இதற்கிடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனை விற்கும் ஏஜென்ட் வேம்புலி ஒரு வேன் நிறைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். வேன் வளைவுக்கு வெளியே, வைக்கோலுக்குப் பின்னால் நின்றது. தாட்சாயிணி வளைவின் நடுவில் இருந்தார். வேனைப் பார்த்தார். பார்த்த இடத்துக்கே போனார். வைக்கோல் வெடித்ததுபோல எழும்பியது. வண்டி ஒருபுறம், இவர் ஒருபுறம். வேனிலிருந்து இறங்கியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஜம்புலிங்கம் ஓடினார். உலகநாதன் ஓடினான். நான் மாடிப்படியில் இரண்டு படிக்கு ஒன்றாக இறங்கினேன்.

வைக்கோலுக்குள்ளிருந்து மஞ்சள் உருவம் ஒன்று எழுந்தது. ஹெல்மெட்டைக் கழற்றியது. வலது முழங்கையைத் திருப்பி, வெயிலில் பிடித்து, தையலைப் பார்த்தது.

"ஒரு நூலு போவல," என்றார் தாட்சாயிணி.

வேம்புலிக்கு முதலில் கோபம்தான் வந்தது. வாயெடுப்பதற்குள் வேனில் வந்த ஒரு பெண்மணி, "இந்தம்மா இங்கதான் இருக்காங்களா?" என்று கேட்டார். வேம்புலி பிழைக்கத் தெரிந்த மனிதர்.

"ஆமாம்மா. இந்த ஏரியாவுல லேடீஸுக்கு அவ்ளோ தைரியம். ரோட்ட பாத்தீங்களா, வண்டி படுத்துகினு போனாகூட ஒரு ஜல்லி பேரல."

அன்று இரண்டு மனைக்கு அட்வான்ஸ் கிடைத்ததாகக் கேள்வி. அடுத்த ஞாயிறு வேம்புலியே வளைவைப் பெருக்க ஒரு ஆளை அனுப்பினார்.

விழுந்தது தாட்சாயிணிக்கு என்னவோ செய்துவிட்டது. ஆறு வருடமாக எது நடந்துவிடுமோ என்று வளைவுக்கு வளைவு இறங்கினாரோ, அது நடந்தேவிட்டது. நடந்து, வைக்கோலைத் தட்டிக்கொண்டு எழுந்தும் ஆகிவிட்டது. "இவ்ளோதானா," என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது முதல் வளைவில் அவரைத் தேடினேன். காணோம். இரண்டாவதில் இல்லை. கம்பெனி வாசலில் மொபெட் நின்றுகொண்டிருந்தது, எங்களுக்குக் கால்மணி நேரம் முன்னாலேயே. உள்ளே போனால் தாட்சாயிணி முகத்தில் ஒரே குழப்பம்.

"சார், எண்ணிகினே வந்தேன். ஏயு வளைவுதான் கீது. மீதி நாலு எங்க பூட்ச்சி?"

மாசி மாதம் மூன்றாவது ஞாயிறு. தேதி எனக்கு நினைவிருக்கிறது, ஏனென்றால் அன்றைக்கு என் வீட்டுக்கு வந்த உறவினர்களை வாசலில் நிற்கவைத்துவிட்டு நான் மாடியில் இருந்தேன். எட்டாவது சுற்று. நேர்ச்சாலையில் பிரேக் முடிந்தது. இடுப்பு இறங்கியது. ஹெல்மெட் கண்ணாடி வளைவு முடியும் இடத்தைப் பார்த்துத் திரும்பியது. வண்டி சாய்ந்தது, இன்னும் சாய்ந்தது. அப்போது ஒரு சத்தம். தகரத்தில் சீப்பை இழுத்ததுபோல, சின்னதாக, "சர்ர்" என்று.

ஜம்புலிங்கம் என்னைத் திரும்பிப் பார்த்தார். உலகநாதன் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டான்.

அடுத்த சுற்றிலும் சர்ர். அதற்கடுத்த சுற்றிலும். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. நாற்பது வயதுப் பெண்கள் வெளியில் சிரிக்கிற சிரிப்பே அல்ல அது. ராட்டினத்தில் மேலே போன பிள்ளைகள் சிரிப்பது. ஜம்புலிங்கம் பிடிப்பதற்காக எதிரே ஓடினார். தாட்சாயிணி அவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். இன்னொரு தடவை ஓடினார். மறுபடியும் சுற்றிக்கொண்டு போனார். பெட்ரோல் தீர்ந்து வண்டி இருமி நிற்கும்வரை இருபத்திரண்டு சுற்று. இறங்கியதும் முழங்கால் கட்டையைக் கழற்றி, அரிசி அளவு தேய்ந்திருந்த இடத்தைக் கணவருக்குக் காட்டினார், உலகநாதனுக்குக் காட்டினார், மாடியிலிருந்த எனக்குத் தூக்கிக் காட்டினார். வழியில் போன பால்காரரின் சைக்கிளை நிறுத்தச் சொல்லி அவருக்கும் காட்டினார். பால்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்லாகீதும்மா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

உலகநாதன் அந்த வருடம் மூன்றாவதாக வந்தான். யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று திடலில் கேட்டவர்களிடம், கையுறை தைக்கிற ஒரு அக்கா என்று அவன் சொல்ல, யாரும் நம்பவில்லையாம். இப்போது அவனோடு ஓடும் நாலைந்து பேர் முழங்கால் கட்டை தைத்துக்கொள்ள வருகிறார்கள். வருகிறவர்களைத் தாட்சாயிணி முதலில் ஸ்டூலில் உட்காரவைத்து, இடுப்பை இறக்கச் சொல்லிப் பார்க்கிறார். சரியாக இறங்காதவர்களுக்குத் தைத்துக் கொடுப்பதில்லை. "போயி ஊட்ல நெல்லு மூட்ட மேல ஒரு மாசம் குந்து. அப்பால வா."

போன வாரம் மொபெட்டின் பின்னால் ஜம்புலிங்கம் உட்கார்ந்திருந்தார். பூந்தமல்லியில் ஏதோ கல்யாணத்துக்குப் புறப்பட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. இவர் பட்டுப்புடவை, அவர் சலவை வேட்டி. என் பஸ் அவர்களுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. வெள்ளவேடு தாண்டிப் பெரிய வளைவு. ஜம்புலிங்கம் இருக்கையின் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நட்டுவைத்த கல்போல விறைத்து நிமிர்ந்தார். வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் தாட்சாயிணி வேகத்தைக் குறைத்தார். இடது கையைப் பின்னால் கொண்டுவந்து, திரும்பிப் பாராமலே, கணவரின் இடது முழங்காலில் இரண்டு தட்டு தட்டினார். கை கைப்பிடிக்குத் திரும்பியது. ஜம்புலிங்கம் கம்பியை விட்டார். தலையிலிருந்த துண்டு காற்றில் அவிழ்ந்து சாலையில் போய் விழுந்ததைக்கூடப் பிடிக்காமல், மனைவியோடு சேர்ந்து அவரும் இடப்பக்கம் சாய்ந்தார்.